ஐந்தரை மணி நேரம்

முதலில் காகிதம்.
பார்சல் ஆபீஸ் ரசீதுகளின் பின்பக்கம்
பென்சிலால் நாலு கட்டம்:
பெயர், தெரு, எத்தனை லிட்டர், என்றைக்கு.
அதற்கு மேல் ஒரு மனிதரிடம்
எதையும் கேட்கக் கூடாது என்பது என் கட்சி.
லோகோ இன்னும் பெரிசா வேணும் என்பது
முத்திருளாண்டி அண்ணன் கட்சி.
அவருக்கு ஏழு தண்ணீர் லாரி.
எனக்கு ஒரு லேப்டாப்,
அதில் ஒரு சாவி தேய்ந்து
எழுத்தில்லாத கறுப்புச் சதுரம்.

செல்லூர் மாடியறையில்
பகலெல்லாம் தகரம் கொதிக்கும்.
ஆகவே இரவு.
கீழ்வீட்டு மிக்ஸி ஓய்ந்ததும்
இன்வெர்ட்டரில் எத்தனை புள்ளி என்று பார்த்துவிட்டு
டெர்மினலைத் திறப்பேன்.
கறுப்புத் திரை, பதினாறு அளவு எழுத்து.
வெள்ளைத் திரையில் எழுதுகிறவர்களை
ஒன்றும் சொல்வதில்லை.
டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்களும்
உலகத்தில் இருக்கிறார்கள்.

டேப் கிடையாது, இரண்டு ஸ்பேஸ்.
இதற்காக மகபூப்பாளையம் பைரோஜாவோடு
ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன்.
அவள் நாலு ஸ்பேஸ்காரி.
'ஒன் கோடு மூச்சே விடலடி' என்பாள்.

உள்ளே உள்ளே போகலாம், தப்பில்லை:
வெளி வீதி, மாசி வீதி,
ஆவணி மூல வீதி, சித்திரை வீதி.
அங்கே செருப்பைக் கழற்றிவிட வேண்டும்.
அதற்கும் உள்ளே இன்னொரு 'இஃப்' வந்தால்
அதைத் தனி ஃபங்ஷனாக வெளியே கூட்டி வா.

லாரி என்றால் லாரி என்றே பெயர் வை.
'டேட்டா' என்று வைக்காதே, எல்லாமே டேட்டாதான்.
'தற்காலிகம்' என்று ஒன்றுக்கு வைத்தேன்,
மூன்று வருடமாக இருக்கிறது
எங்கள் தெருமுனையில் தோண்டிய குழியைப் போல.
என்ன செய்கிறது என்பதைக் கோடே சொல்லும்,
ஏன் என்பதை மட்டும் நீ எழுது.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
எதையும் சர்வரில் ஏற்றாதே.
பன்னிரண்டு அடித்தால் படுத்துவிடு.

கடைசி விதிதான் காலை வாரியது.

ஏப்ரல் கடைசி, காலை ஏழு மணி.
கூடல் நகரிலிருந்து ஓர் அம்மா:
'நாலு மணிக்கே புக் பண்ணேன்.
பச்சை டிக்கு வந்துச்சு.
பன்னெண்டு கொடம் ஒரு அண்டா
வாசல்ல அடுக்கி வச்சுட்டு நிக்கிறேன்.'
டிரைவரின் இன்றைய பட்டியலில் அவர் இல்லை.
நேற்றைய பட்டியலில் இருந்தார்,
நேற்று முடிந்த பிறகு.

சர்வருக்குத் தெரிந்தது உலக நேரம்.
அது கூடல் நகருக்குப் பின்னால்
ஐந்தரை மணி நேரம் தள்ளி நடந்து வருகிறது.
எங்கள் விடியற்காலை அதற்கு இன்னும் நேற்று.
என் சோதனைகள் எல்லாம் பச்சை,
பதினோரு மணிக்கே சோதித்துவிட்டுத் தூங்கியவள் நான்.

தேடிப் பார்த்தேன். நாற்பத்தொரு பேர்.
எல்லாரும் நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் நடுவில்
காலிக் குழாயைத் திறந்து பார்த்தவர்கள்.
தெரு என்ற கட்டத்துக்குள் எழுதியிருந்தார்கள்:
'ஆனையூர் மூணாவது தெரு
வீட்ல விசேஷம் சீக்கிரம்'
'எஸ்.ஆலங்குளம் லாரி உள்ள வராது
ஓஸ் நீளமா கொண்டாங்க'
'பெரியவர் படுக்கைல இருக்கார் ப்ளீஸ்'.
என் நாலு கட்டத்தில்
இதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை.

திருத்தம் ஒரே வரி.
அதற்கு மேலே ஏன் என்று ஆறு வரி.
கமிட்டில் 'பக் சரிசெய்தேன்' என்று அடித்து
அழித்துவிட்டு
'கூடல் நகரில் இன்று என்றால் இன்று' என்று எழுதினேன்.
அப்புறம் ஐந்தாவதாக ஒரு கட்டம்:
வேறு ஏதாவது சொல்லணுமா?
அதற்கு எழுத்து வரம்பு போடவில்லை.
பைரோஜா பார்த்துவிட்டு
'இப்பத்தான் மூச்சு விடுது' என்றாள்.
ஸ்பேஸ் இன்னும் இரண்டுதான்.

மறுநாள் நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து
போனில் நானே ஒரு லோடு புக் செய்தேன்.
தேதி சரியாக விழுந்தது.
அந்தச் சந்தோஷத்தில் ரத்து செய்யாமல் தூங்கிப்போனேன்.

ஏழு மணிக்குத் தெருவில் ஆரன்.
டிரைவர் பட்டியலைப் பார்த்துக் கத்துகிறார்:
'சோதனை யாருங்க? இங்க சோதனைங்கிறது யாரு?'
நான் படியிறங்குவதற்குள்
கீழ்வீட்டில், எதிர்வீட்டில்
குடங்கள் வரிசைக்கு வந்துவிட்டன.